கூட வந்த காசும் குறைஞ்சு போன காசும்

(பசறைப் பகுதித் தோட்டமொன்றில், சம்பளக் கிழமையில் நடந்த மாதர் சங்க, தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் நிகழ்த்திய பேச்சு.)



சம்பளக் கிழமையில் கூட்டம் வைத்தால் ஒருத்தரும் வரமாட்டாங்க என்று தலைவர் சொன்னார். ஆனால் மண்டபம் நிறைந்திருக்கிறது. சில பேர் மலையிலிருந்து நேரே, படங்கைக்கூட அவிழ்க்காமல் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் அதிகம் இழுக்க மாட்டோம்.

இன்றைக்குப் பேசப் போவது காசு விஷயம். சம்பளம் குறைந்தால் என்ன செய்வது என்று எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறோம். சம்பளம் கூடிப் போனால் என்ன செய்வது என்று ஒருநாளும் பேசியதில்லை. "அப்படியும் நடக்குமா ஐயா?" என்று முன் வரிசையில் ஒரு அக்கா சிரிக்கிறார். நடக்கும் அக்கா. நடந்திருக்கிறது. அந்தக் கதையைத்தான் முதலில் சொல்லப் போகிறோம்.

நம்ம ஊவாப் பக்கத்துத் தோட்டம் ஒன்று. தோட்டத்தின் பேரும் வேண்டாம், ஆளின் பேரும் வேண்டாம். 2021 மார்ச்சில் வர்த்தமானி வந்து நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனதே, அதற்குப் பிறகு நடந்தது. கொழுந்து எடுக்கிற ஒரு தங்கச்சி. அந்த மாதம் சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து பதுளை வைத்தியசாலையில் வைத்திருந்ததால், அவருக்கு 14 பேர்தான் விழுந்திருந்தது. 10ஆம் திகதி சம்பள மேசையில் கையெழுத்து வைத்து, காசை மடியில் முடிந்து கொண்டு லயத்துக்கு வந்துவிட்டார். காசு கொஞ்சம் கனமாக இருக்கிற மாதிரித் தெரிந்தது. ஆனால் எண்ணிப் பார்க்க நேரமில்லை.

இரவு எட்டாம் வகுப்புப் படிக்கிற மூத்த பிள்ளை சம்பளத் துண்டை எடுத்து வாசித்தது. "அம்மா, 24 நாள் என்று போட்டிருக்கே" என்றது.

கணக்குப் பார்ப்போம். 10 பேர் கூட விழுந்தால் 10,000 ரூபாய். அதில் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 வீதம், 800 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். ஆகக் கையில் கூட வந்தது 9,200 ரூபாய். வைத்தியசாலைக்கு அலைந்த கடன் இருக்கிறது. கடைக் கணக்கு இருக்கிறது. தோடு அடகில் இருக்கிறது. இந்த நேரத்தில் 9,200 ரூபாய் என்றால் சும்மாவா?

வீட்டில் அன்றைக்கு இரவு ஒரே பேச்சு. வீட்டுக்காரர் சொன்னாராம்: "நாம திருடினோமா? மேசையில வச்சுக் கொடுத்தாங்க, கையெழுத்துப் போட்டு வாங்கினோம். பிழை விட்டது அவங்க." மாமியார் சொன்னாராம்: "முனியாண்டி சாமி கண்ணத் தொறந்து பார்த்திருக்கு. வாய மூடிக்கிட்டு இரு." பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. துண்டைக் கையில் வைத்துக் கொண்டு அம்மா முகத்தையே பார்த்துக் கொண்டிருந்ததாம்.

மறுநாள் காலையில் பெரட்டுக்குப் போகும் முன் அந்தத் தங்கச்சி எங்களிடம் வந்தார். காசை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அதில் 3,000 ரூபாய் கடைக்குக் கொடுத்துவிட்டார். "மிச்சம் இருக்குங்க ஐயா. என்ன செய்யணும்னு சொல்லுங்க. ராத்திரி தூக்கமில்ல" என்றார். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

காரியாலயத்துக்குப் போய்ச் செக்ரோலை விரித்துப் பார்த்தோம். அப்போதுதான் விஷயம் வெளித்தது. இவருடைய வரிக்கு அடுத்த வரியில் இன்னொரு அம்மா. அவருக்குப் போட்டிருந்தது 14. அவர் வேலை செய்ததோ 24 நாள். கணக்கை எடுத்து எழுதும்போது இரண்டு வரியும் மாறிப் போயிருக்கிறது. அந்த அம்மா முதல் நாள் பின்னேரமே காரியாலயத்தில் நின்று, "எனக்குப் பத்து நாள் குறையுது" என்று அழுதிருக்கிறார். "புத்தகத்தில் 14தான் இருக்கு, நீ லீவு போட்டதை மறந்துட்ட" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒரு லயத்தில் காசு கூடிப் போய்த் தூக்கமில்லை. அதே வரிசையில் நாலு காம்பரா தள்ளி இன்னொரு வீட்டில் காசு குறைந்து போய் அடுப்புப் பற்றவில்லை.

அந்தத் தங்கச்சி வாயை மூடிக் கொண்டு இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அந்த அம்மா பொய்க்காரி ஆகியிருப்பார். அவருடைய பத்து நாள் வேர்வை, யாருக்கும் தெரியாமலே இன்னொருத்தர் வீட்டுக் கடைக் கணக்கில் கரைந்து போயிருக்கும். தம்பி என்று நாம் கூப்பிடுகிற அந்தக் கிளாக்கர் பையனும் லயத்துப் பிள்ளைதான். கணக்குப் பரிசோதனையில் பிழை அகப்பட்டால் அவனுடைய சம்பளத்தில்தான் கை வைப்பார்கள் என்று அவன் பயந்து நடுங்கினான்.

எல்லா நேரமும் இப்படி இருக்காது. சில நேரம் கூட வந்த காசு கம்பனியின் காசாகவே இருக்கும். அந்த நேரம் என்ன செய்வது? அதைத்தான் இனி நேராகப் பேசவேண்டும். ஏனென்றால் லயங்களில் பேசுகிற பேச்சு எங்களுக்கும் கேட்கத்தான் செய்கிறது.

"அவங்க நம்மகிட்ட வெட்டுறப்போ கேட்டுட்டா வெட்டுறாங்க? தண்ணிக் கழிவுன்னு வெட்டுறாங்க, கூடைக் கழிவுன்னு வெட்டுறாங்க. கிலோ குறைஞ்சா அரைப்பேர் போடுறாங்க. ஒரு தடவை நம்ம பக்கம் கூட வந்தா அதையும் திருப்பிக் கொடுக்கணுமா?"

இந்தக் கேள்வியைத் தட்டிவிட்டுப் போக நாங்கள் இங்கே வரவில்லை. கேள்வியில் உள்ள வலி உண்மை. மடுவத்தில் நிறுவை சரியில்லாத இடங்கள் உண்டு. கழிவு என்ற பேரில் அநியாயம் நடந்த இடங்கள் உண்டு. ஆனால் இவை இரண்டு வேறு கணக்கு. நமக்கு வரவேண்டிய பாக்கி ஒரு கணக்கு. நமக்கு உரியதல்லாமல் வந்தது இன்னொரு கணக்கு. இரண்டையும் ஒன்றாய்ப் போட்டுக் கலக்கினால் முதலில் நட்டப்படுவது நாம்தான். எப்படி என்றால், குறைந்த காசைக் கேட்டுக் காரியாலயத்துக்குப் போகும்போது நம் கையில் இருக்கிற ஒரே ஆயுதம், "எங்க கணக்குச் சரி, உங்க கணக்குப் பிழை" என்ற ஒரு சொல்தான். கூட வந்ததை ஒளித்து வைத்தவர் அந்தச் சொல்லைச் சொல்ல முடியாது. "போன மாதம் கூடினப்போ எங்கே போனீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டால் தலை குனிய வேண்டியதுதான். அதுவும் அவர் ஒருத்தர் தலை மட்டும் குனியாது. அடுத்த முறை உண்மையாகவே குறைந்தவர் போய் நின்றாலும், "நீங்க எல்லாம் அப்படித்தான்" என்பார்கள்.

பிழையான கணக்கு என்ன செய்யும் என்று நம்மைவிட அதிகம் தெரிந்தவர்கள் இல்லை. நம்ம பாட்டன் பூட்டன் காலத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. இன்றைக்கு நாம் சொல்கிற சம்பளத் துண்டு அல்ல. ஆள் எவ்வளவு கடன் என்று எழுதிய துண்டு. அந்தக் கடனைத் தீர்க்கிறோம் என்று இன்னொரு தோட்டம் ஏற்றுக் கொண்டால்தான் ஆள் இடம் மாறலாம். கடன் கணக்கு கங்காணியின் கையில் இருந்தது. கைநாட்டு வைத்தவருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. 1921இல் சட்டம் போட்டு அந்தத் துண்டு முறையை நிறுத்தினார்கள். எழுத்துத் தெரியாததால் நம் பெரியவர்கள் பொய்க் கணக்குக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தார்கள். இன்றைக்கு நம் பிள்ளை துண்டை வாசித்து "அம்மா, இதில் பிழை இருக்கு" என்று சொல்கிறது. அந்தப் பிள்ளைக்கு நாம் என்ன பதில் சொல்லப் போகிறோம்? "நமக்கு நட்டமான பிழையென்றால் மட்டும் சொல், லாபமான பிழையென்றால் பேசாதே" என்றா?

நாங்களும் பெரிய சுத்தக்காரர் மாதிரிப் பேசவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிரயாணக் கொடுப்பனவு ஒரே மாதத்துக்கு இரண்டு தரம் வந்தது. தெரியாத மாதிரி இருந்துவிட்டோம். கணக்குப் பார்க்க ஆள் வருகிறது என்று கேள்விப்பட்ட பிறகுதான் ஓடிப் போய்ச் சொன்னோம். பயத்தில் கொடுத்த காசுக்கு மரியாதை இல்லை. அன்றைக்குப் பட்ட வெட்கம் இன்னும் இருக்கிறது. அதனால்தான் அந்தத் தங்கச்சி கதையை எங்கே போனாலும் சொல்கிறோம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? நம் நாட்டில் நடைமுறையில் உள்ள ரோமன்-டச்சுச் சட்டத்தின்படி, தவறுதலாகக் கொடுத்த காசைக் கொடுத்தவர் திருப்பிக் கேட்கலாம். கையெழுத்து வைத்து வாங்கினோம் என்பதால் மட்டும் அது நம்முடையது ஆகிவிடாது. பிறத்தியார் பொருள் என்று தெரிந்தும் நேர்மையில்லாமல் தனதாக்கிக் கொண்டால், தண்டனைச் சட்டக் கோவையின்படி அது குற்றமாகவும் போகலாம்.

ஆனால் சட்டத்துக்கு மறுபக்கமும் இருக்கிறது. அதையும் தெரிந்து கொள்ளுங்கள். 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிக்கப்பட்ட கழிவுகளைத் தவிர வேறு எதையும் தொழிலாளியின் சம்பளத்தில் வெட்டக் கூடாது. அந்தக் கழிவுக்கும் தொழிலாளியின் சம்மதம் வேண்டும். ஆகவே, "போன மாதம் கூடக் கொடுத்துட்டோம், இந்த மாதம் முழுக்கப் பிடிச்சுட்டோம்" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் வெற்றுக் கவரை நீட்ட முடியாது. அவர்கள் காசைத் திருப்பிக் கேட்பது நியாயம். நம் பிள்ளைகளைப் பட்டினி போட்டுக் கேட்பது நியாயமல்ல.

இந்த விஷயம் இந்தியாவில் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. பீகாரில் ஆசிரியர்களுக்குக் கூடுதலாகக் கொடுத்த சம்பளம் பற்றிய வழக்கில் 2008இல் தீர்ப்பு வந்தது. வாங்கியவர் பொய் சொல்லியோ மோசடி செய்தோ வாங்கவில்லை, பிழை மேலிடத்தில்தான் என்றால், திருப்பிப் பிடிக்காமல் விடலாம் என்றார்கள். ஆனால் கூட வருகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தால், அல்லது பிழையைச் சீக்கிரமே கண்டு பிடித்துவிட்டால், திருப்பிக் கேட்க இடமுண்டு என்றும் சொன்னார்கள். பிறகு 2014 டிசெம்பரில் பஞ்சாப் மாநில அரசுக்கும் ரஃபீக் மசீஹ் என்பவருக்கும் இடையிலான வழக்கில் இன்னும் தெளிவாக்கினார்கள். கீழ்நிலை அரசாங்க ஊழியர்களிடமும், ஓய்வு பெற்றவர்களிடமும், ஓய்வு பெற ஒரு வருடமே இருப்பவர்களிடமும், ஐந்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து வந்த கூடுதல் காசையும் பிடிக்கக் கூடாது என்பது அதன் சாரம். அது அங்கத்தைய தீர்ப்பு. நம் நாட்டு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. அந்தக் காசு ஊழியருக்கு உரிமையானது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஏழை ஊழியர் தெரியாமல் வாங்கி, சாப்பிட்டுச் செலவழித்த காசைப் பல வருடம் கழித்துப் பிடுங்கினால் அது அவர் தாங்க முடியாத கொடுமை என்றுதான் சொன்னது. தெரியாமல் வாங்கியவருக்கு இரக்கம் உண்டு. தெரிந்து ஒளித்தவருக்கு அந்த இரக்கம் இல்லை. இந்தக் கோட்டை மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக் கதை ஒன்றும் சொல்கிறோம். தென்னமெரிக்காவில் சிலி என்ற நாடு. 2022 மே மாதம் உணவுக் கம்பனி ஒன்றில் வேலை செய்த ஒருவருக்கு 5 இலட்சம் பெசோ சம்பளத்துக்குப் பதிலாக 16 கோடி 50 இலட்சத்துக்கும் மேலே வங்கியில் விழுந்துவிட்டது. திருப்பித் தருகிறேன் என்று சொன்னார். பிறகு வேலையை விட்டுவிட்டுக் காணாமல் போனார். வழக்கு நடந்தது. அது திருட்டுக் குற்றமாகாது என்று 2025இல் நீதிமன்றம் முடிவு செய்தது. அந்தச் செய்தியை ஃபோனில் பார்த்துவிட்டு நம் வாலிபப் பிள்ளைகள் கை தட்டியதையும் நாங்கள் கண்டோம். ஆனால் தம்பிமாரே, சட்டம் விட்டது வேறு, நியாயம் விட்டது வேறு. திருடன் இல்லை என்று பேர் வாங்குவதற்கும் நேர்மையானவர் என்று பேர் வாங்குவதற்கும் நடுவில் ஒரு மலை தூரம் இருக்கிறது. அதோடு அவர் ஒருத்தர், அது ஒரு பெரிய கம்பனி. நாமோ ஒரே லயத்தில், ஒரே பைப்பில் தண்ணீர் பிடித்து, ஒரே கோயிலில் சாமி கும்பிட்டு வாழ்கிறவர்கள். ஓடிப் போக நமக்கு இடமில்லை. இருக்கிற பேரைக் காப்பாற்றிக் கொள்ளத்தான் வேண்டும்.

பிழை இனியும் நடக்கும். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. 2025 நவம்பரில் வந்த வரவு செலவுத் திட்டத்தில், சம்பளம் 1,550, அதோடு அரசாங்கத்தின் வருகைக் கொடுப்பனவு 200, ஆக 1,750 என்று முன்மொழிந்தார்கள். ஒவ்வொரு முறை தொகை மாறும்போதும், ஒரு பகுதி ஒரு பக்கத்திலிருந்தும் மறு பகுதி இன்னொரு பக்கத்திலிருந்தும் வரும்போதும், கணக்குப் பிசகும். கம்பியூட்டர் வந்தால் பிழை வராது என்று நினைக்க வேண்டாம். கனடாவில் 2016இல் அரசாங்க ஊழியர்களுக்கென்று ஒரு புதிய கம்பியூட்டர் சம்பள முறையைக் கொண்டுவந்தார்கள். ஆயிரக்கணக்கான ஆட்களுக்குக் குறைந்தும் கூடியும் போய், அதைச் சரிக்கட்டவே பல வருடம் ஆயிற்று.

ஆகவே செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

முதலாவது, சம்பளத் துண்டை அன்றைக்கே வாசியுங்கள். வாசிக்க வராதவர்கள் பிள்ளையிடம் கொடுங்கள். எத்தனை பேர், எத்தனை அரைப்பேர், கூடுதல் கிலோ எவ்வளவு, கைக்காசு எவ்வளவு, கழிவு எவ்வளவு என்று பாருங்கள். வீட்டுக் கலண்டரில் வேலைக்குப் போன நாளுக்கு ஒரு கோடு போட்டு வந்தால் அதுவே உங்கள் செக்ரோல்.

இரண்டாவது, கூட இருந்தால் அந்தக் காசைத் தனியே வையுங்கள். சீட்டுக்கும் கடைக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

மூன்றாவது, அடுத்த நாளே துண்டோடு காரியாலயத்துக்குப் போங்கள். தனியாகப் போக வேண்டாம். தலைவரையோ, மாதர் சங்கத்து அக்காவையோ, எங்களையோ கூட்டிக் கொண்டு போங்கள். வாயால் சொல்வதோடு ஒரு கடிதமும் கொடுங்கள். அதன் பிரதியில் திகதியும் கையெழுத்தும் வாங்கி வையுங்கள். நாளைக்கு யாரும் "நீ ஒளிச்சு வச்ச" என்று சொல்ல முடியாது.

நான்காவது, செலவாகிப் போயிருந்தால் பயப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். தவணை கேளுங்கள். எந்தக் கடதாசியிலும் வாசிக்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம். தமிழில் எழுதிக் கேளுங்கள். கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் ரசீது வாங்குங்கள்.

ஐந்தாவது, சேமலாப நிதியை மறக்க வேண்டாம். கூட விழுந்த சம்பளத்துக்கு உங்கள் 8 வீதமும் தோட்டத்தின் 12 வீதமும் பிழையாகப் போயிருக்கும். ஊழியர் நம்பிக்கை நிதியின் 3 வீதமும் அப்படித்தான். அதையும் திருத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வயதான காலத்தில் காசெடுக்கப் போகும்போது கணக்குச் சிக்கும்.

இங்கே வந்திருக்கிற காரியாலயத்து ஐயாமாருக்கும் ஒரு வார்த்தை. கூட வந்த காசைக் கொண்டுவந்து கொடுக்கிறவரைக் குற்றவாளி மாதிரி நிற்க வைக்காதீர்கள். உட்காரச் சொல்லுங்கள். ஒரே மாதத்தில் முழுவதையும் பிடிக்க வேண்டாம். கூடிப் போன காசைக் கேட்க எவ்வளவு அவசரப்படுகிறீர்களோ, குறைந்து போன காசைக் கொடுக்கவும் அவ்வளவு அவசரப்படுங்கள். "புத்தகத்தில் இப்படித்தான் இருக்கு" என்று சொல்லும் முன் புத்தகத்தை ஒருதரம் விரித்துப் பாருங்கள். நீங்கள் அப்படி நடந்தால் எங்கள் ஆட்கள் தாங்களாகவே வந்து சொல்வார்கள்.

அந்தத் தங்கச்சி கதையை முடித்துவிடுகிறோம். குறைந்த அம்மாவுக்கு அந்தக் கிழமையே காரியாலயம் பாக்கியைக் கொடுத்தது. தங்கச்சியின் 9,200 ரூபாயை மாதம் 2,300 வீதம் நாலு மாதத்தில் பிடிக்க எழுத்தில் சம்மதம் எழுதினோம். கையில் இருந்த மிச்சத்தில் அவர் வைத்தியசாலைக் கடனை அடைத்து வட்டியிலிருந்து தப்பித்தார். இது இரகசியமாகச் செய்ததல்ல. தொரைக்கும் சொல்லித்தான் செய்தது. வீட்டுக்காரர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். நாலு மாதமும் அவர்களுக்குக் கஷ்டம்தான். நேர்மையாக நடந்தால் உடனே நல்லது நடக்கும் என்று நாங்கள் பொய் சொல்ல மாட்டோம்.

ஆனால் ஒன்று நடந்தது. அடுத்த மாதம் மடுவத்தில் நிறுவை பற்றி ஒரு தகராறு வந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் போய்க் காரியாலயத்தில் நின்றார்கள். முன்னுக்கு நின்று பேசியது இதே தங்கச்சி. "கூட வந்தப்போ நான்தாங்க ஐயா கொண்டாந்து கொடுத்தேன். இப்ப குறையுதுன்னு சொல்றேன். தராசைப் பாருங்க" என்றார். ஒருத்தராலும் அவரைப் பொய்க்காரி என்று சொல்ல முடியவில்லை. தராசைக் கழற்றிப் பார்த்தார்கள்.

நடுவுநிலைமைக்கு வள்ளுவர் தராசைத்தான் உவமை காட்டினார். நம் மடுவத்தில் தொங்குவதும் தராசுதான். அது நம் பக்கம் சாய்ந்தாலும் பிழை, அவர்கள் பக்கம் சாய்ந்தாலும் பிழை. ஒரு பக்கம் சாயும்போது மட்டும் சத்தம் போட்டால் நம் சத்தத்தை யாரும் கேட்க மாட்டார்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் இந்த மாதத் துண்டை எடுத்துப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். குறைந்திருந்தாலும் வாருங்கள், கூடியிருந்தாலும் வாருங்கள். இரண்டுக்கும் உங்களோடு சேர்ந்து காரியாலயத்துக்கு வர நாங்கள் இருக்கிறோம்.